முகம் தமிழ்; மூச்சு எவர் கையில்?

கணினித் திரையில் தமிழ் எழுத்துகள் ஒளிர்கின்றன. கோப்பு, தொகு, தேடு, அச்சிடு எனக் கட்டளைகளெல்லாம் தமிழ்ப்பெயர் பூண்டு நிற்கின்றன. ‘வைபை’ என்னும் அயற்சொல்லுக்கு ‘அருகலை’ என்னும் அழகிய சொல்லையும் ஆக்கிக்கொண்டோம். எனவே கணினி தமிழ்க்கணினி ஆகிவிட்டது என்று நம்மவருட் பலர் மனநிறைவுற்று அமர்ந்துவிட்டனர். அந்நிறைவைக் குலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சொல் நமதாயிற்று, உண்மை. அச்சொல் சுட்டும் பொருள் நமதாயிற்றா? அருகலை என்று பெயரிட்ட நமக்கு, அவ்வலையை எழுப்பும் சில்லுக்குள் என்ன நிகழ்கின்றது என்று எட்டிப் பார்க்கவேனும் உரிமை உண்டா? இல்லை! பெயர் சூட்டும் உரிமையை மட்டும் நமக்கு விட்டுவைத்துப் பிள்ளையை வேறொருவன் தன் வீட்டில் பூட்டி வைத்திருக்கின்றான்.

கொல்லிமலைக்குரிய பாவையைக் கழக இலக்கியம் பலவிடத்தும் சுட்டுகின்றது. கண்டார் உள்ளத்தைக் கவரும் எழிலுடைய அப்பாவை, சிரித்தே கொல்லும் என்பது வழிவழி வரும் வழக்கு. அதன் முகத்தை எல்லாரும் பார்க்கலாம். அதன் உள்ளே இயங்கும் பொறியை எவரும் அறியார். இன்று நம் பிள்ளைகளின் மடியில் இருக்கும் கணினியும் அத்தகையதொரு பாவையே என்க. முகம் தமிழில் சிரிக்கின்றது. மூச்சோ எங்கோ ஓர் அயல்நாட்டு வணிகக் குழுமத்தின் கையில் இருக்கின்றது. அம்மூச்சின் பெயர்தான் ‘நிலைபொருள்’.

நிலைபொருள் என்பது யாது?

கணினியின் உறுப்புகள் வன்பொருள். அவற்றை ஏவும் நிரல்கள் மென்பொருள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது நிலைபொருள். மடிக்கணினியினுள் இருக்கும் அருகலைச் சில்லு, தனக்கென ஒரு சிறு மூளையை உடையது. அம்மூளை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறும் நிரலே நிலைபொருள். இக்காலச் சில்லுகளுட் பல அந்நிரலைத் தமக்குள் நிலையாக வைத்துக்கொள்வதில்லை. கணினியை இயக்குந்தோறும், இயங்குதளத்தின் ‘இயக்கி’ என்னும் நிரல், வட்டில் உள்ள நிலைபொருட் கோப்பை எடுத்துச் சில்லுக்கு ஊட்டுதல் வேண்டும். ஊட்டினால் சில்லு விழிக்கும். ஊட்டாவிடில் அது வெறும் மணற்கட்டி!

இலினக்சு இயங்குதளத்தின் கருநிரலும், அதனுள் அடங்கிய இயக்கிகளும் திறந்தவை. 1991-இல் பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டு தொடங்கி வைத்த அந்நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் நிலைபொருள் அவ்வாறன்று. பெரும்பாலான அருகலைச் சில்லுகளின் நிலைபொருள், மாந்தர் படிக்கவியலாத வெறும் எண்கோவையாகவே வெளிவருகின்றது. அதன் மூலநிரல் குழுமத்தின் பெட்டகத்தில் கிடக்கின்றது. இன்டெல் குழுமம் தன் அருகலை நிலைபொருளைப் படியெடுத்து வழங்க இசைகின்றது. ஆனால் அதைப் பிரித்து ஆராய்தல் கூடாது என்று தன் உரிமத்தாளில் தடுக்கின்றது. உண்ணலாம், ஆனால் என்ன சோறு என்று கேட்கக்கூடாது! இதுதான் அவர்கள் நமக்கு வழங்கும் ‘விருந்தோம்பல்’.

எழுபது வளைவுகளும் ஒரு கோப்பும்

இச்சிக்கல் நகரத்தானுக்குச் சிறு தொல்லை. மலையில் வாழ்வானுக்கோ பெருந்தடை. எண்ணிப் பாருங்கள். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ வாழும் ஒரு மாணவி, தன் பழைய மடிக்கணினியில் இலினக்சை நிறுவுகின்றாள். திரை வருகின்றது; தமிழ் வருகின்றது; ஒலியும் வருகின்றது. அருகலை மட்டும் வரவில்லை. நிலைபொருட் கோப்பு இல்லையாம். அக்கோப்பு எங்கே கிடைக்கும்? இணையத்தில் கிடைக்கும். இணையத்திற்கு எவ்வாறு செல்வது? அருகலை வழியே செல்ல வேண்டும். அருகலைக்கு? அக்கோப்பு வேண்டும்! திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை இதுவன்றி வேறென்ன?

நகரத்தில் இருப்பவன் கம்பி வழி இணைப்பைச் செருகிக்கொள்வான். அண்டை வீட்டான் கணினியில் கோப்பை இறக்கிக்கொள்வான். மலையில் இருப்பவளோ, கைப்பேசி அலையும் எட்டாத ஊராயின், செம்மேடு வரை நடக்க வேண்டும். அங்கும் வழியில்லையேல் காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். ஒரு சிறு கோப்பிற்காக ஒரு மலையையே இறங்கி ஏற வேண்டும்! அக்கோப்பினைக் கணினியோடு சேர்த்தே தந்திருந்தால் எவருக்கு என்ன இழப்பு? அதனைச் சிந்திக்கத்தான் ஆளில்லை.

இதனைவிடக் கொடியது ஒன்று உண்டு. கணினி நன்றாக இயங்கும்போது தமிழில் பேசுகின்றது. பழுதுற்றதும் அதன் தமிழ் மறைந்துவிடுகின்றது. ‘நிலைபொருளை ஏற்ற இயலவில்லை’ என்னும் செய்தியை இலினக்சின் கருநிரல் ஆங்கிலத்தில் மட்டுமே பதிவேட்டில் எழுதி வைக்கின்றது. கருநிரலின் செய்திகள் எம்மொழியிலும் பெயர்க்கப்படுவதில்லை. செருமானியனுக்கும் சப்பானியனுக்கும் இதே நிலைதான். ஆயினும் தம் மொழியில் அச்செய்திகளுக்கு விளக்கம் எழுதிக்கொள்ளும் இனமே அத்தடையைக் கடக்கும். நாமோ? நலமாயிருக்கையில் தமிழ், நோயுற்றால் ஆங்கிலம் என்றால், தமிழை நாம் பட்டுடை போலத்தானே வைத்திருக்கின்றோம்? விழாவிற்கு அணிவதும், வேலைக்குக் களைவதுமாகிய மொழி எவ்வாறு வாழும்?

வழங்கிய கையும் வழங்காத பொருளும்

இலினக்சு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்காட்டு நிறுவனம் அரசு அலுவலகக் கணினிகளை இலினக்சுக்கு மாற்ற முனைந்து நாடெங்கும் பேசப்பட்டது. நடுவண் அரசின் சி-டாக்கு நிறுவனம் சென்னையிலேயே உருவாக்கிய ‘பாசு’ இலினக்சு 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அண்ணா பிறந்தநாளில், விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிற்று. அவ்வாறு வழங்கப்பட்ட கணினிகளுட் பலவற்றில் விண்டோசுடன் பாசு இலினக்சும் இடம்பெற்றது. கொல்லிமலையின் அரசுப் பள்ளிகளில் பயின்ற பழங்குடிப் பிள்ளைகளும் அத்திட்டத்தின் கீழ் வந்தனர். நல்ல திட்டம். அதனை நாம் குறை கூறோம்.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். கணினியை வாங்கும்போது, திரை எத்தனை விரலம், நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தனை மணிநேரம் என்றெல்லாம் பார்த்தோமே; அருகலைச் சில்லின் நிலைபொருள் எவர் உடைமை என்று பார்த்தோமா? கல்வி முடித்து வெளியேறிய மாணவன், பழைய கணினியில் புதிய இலினக்சை நிறுவும்போது அச்சில்லு விழிக்குமா என்று எண்ணினோமா?

காலத்தின் முரண் ஒன்றும் இங்கே உண்டு. பாசு இலினக்சுக்குத் தாய்த்தளமாக விளங்குவது தெபியன். அதே 2011-ஆம் ஆண்டின் பிப்ரவரியில் வெளிவந்த தெபியன் 6, கட்டுண்ட நிலைபொருள்களைக் கருநிரலிலிருந்து பிரித்துத் தனியே ஒதுக்கிவிட்டது. கொள்கையளவில் அது நேர்மையான செயல். மூடிய பொருளைத் திறந்த பொருளோடு கலத்தல் ஆகாது என்றனர். ஆனால் அதன் சுமை பயன்படுத்துவோர் தலையில் விழுந்தது. பதினோராண்டுகள் கழிந்து, 2022-இல் தெபியன் உறுப்பினர்கள் ஒப்போலை இட்டு முடிவை மாற்றினர். 2023 சூன் திங்களில் வெளிவந்த தெபியன் 12 முதல், நிறுவல் வட்டிலேயே அந்நிலைபொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இன்று நிறுவுவோர்க்கு அல்லல் குறைந்துள்ளது, மெய்தான். ஆனால் நடந்தது என்ன? விடுதலைக்காகவே பிறந்த ஓர் இயக்கம், பூட்டிய பெட்டியைத் தன் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டது. வென்றது எவர்? பூட்டியவர் அன்றோ?

விதை யாருடையது?

கொல்லிமலை உழவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலையில், சவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி பரவிற்று. பணம் வந்தது, ஆனால் உண்ணும் உணவு நிலத்தைவிட்டுப் போயிற்று. சிறுதவசங்களின் பழைய விதைகள் அருகின. 1990-களிலிருந்து சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மலையூர் மக்களோடு சேர்ந்து விதை வங்கிகள் அமைத்து அவ்விதைகளைக் காக்கப் பாடுபட்டனர். விதையைத் தன் குதிரில் வைத்திருப்பவனே உழவன். ஒவ்வோராண்டும் விதைக்காகக் கடைவாயிலில் நிற்பவன் கூலியாள். இவ்வுண்மை மண்ணுக்கு மட்டுமன்று, சில்லுக்கும் பொருந்தும். மூலநிரல் விதை; நிலைபொருட் கோப்பு அரைத்த மாவு. மாவைத் தந்துவிட்டு விதையைத் தன்னிடம் வைத்துக்கொள்பவன் நமக்கு உணவு தரவில்லை. பசியைத் தவணை முறையில் விற்கின்றான்.

விதை கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. பிராட்காம் குழுமம் தன் சில்லுகளின் இயல்பை வெளியிட மறுத்திருந்த காலத்தில், தன்னார்வலர் சிலர் அவற்றின் இயக்கத்தைப் புறத்தேயிருந்து ஆராய்ந்து தாமே ஓர் இயக்கியை எழுதினர்; 2006-இல் அது இலினக்சுக் கருநிரலில் சேர்ந்தது. நிலைபொருளைப் பிறர்க்கு வழங்க இசைவின்மையால், ஒவ்வொருவரும் அதனைக் குழுமத்தின் வேறு இயக்கியிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2010-இல் அக்குழுமமே இறங்கிவந்து சில புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. மக்கள் தட்டியதால் திறந்த கதவு அது!

ரியல்டெக்கு நிறுவனத்தின் 8723 பி.இ. என்னும் சில்லு மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தது. சில கணினிகளில் அலைவாங்கியை ஒன்று மட்டுமே வைத்து, அதனையும் இயக்கி எதிர்பாராத முனையில் இணைத்திருந்தனர். அதனால், நிலையம் அருகிலிருந்தும் அலை மெலிந்தது. இயக்கியின் மூலநிரல் திறந்திருந்தமையால் அதன் கரணியத்தைப் பயன்படுத்துவோரே கண்டறிய முடிந்தது. மற்றை முனையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு குறிப்பை இயக்கிக்குக் கொடுத்தால் போதும் என்று உலகிற்கு உரைத்தனர். திறந்த இடத்தில் நோயாளியே மருத்துவன் ஆகின்றான். மூடிய இடத்தில் மருத்துவன் வரும்வரை நோயாளி காத்துக் கிடக்கின்றான்.

அவர்கள் கூறும் சாக்கு

‘வானலை என்பது பொதுச்சொத்து. நிலைபொருளைத் திறந்துவிட்டால் கண்டவரும் கண்ட அலைவரிசையில் உரத்துக் கூவுவர். சட்டம் இடங்கொடாது’ என்று குழுமத்தார் கூறுவர். கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் அதெரோசு நிறுவனம் 2008-இல் இயக்கியைத் திறந்துவிட்ட சில்லுகளுக்கு, வெளியிலிருந்து ஊட்டும் நிலைபொருளே தேவையில்லை. முழுதும் திறந்த இயக்கியாலேயே அவை இயங்கின. அதே குடும்பத்து வெளியிணைப்புச் சில்லுகள் சிலவற்றின் நிலைபொருள் மூலநிரலும் 2013-இல் வெளியிடப்பட்டது. வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. எந்நாட்டில் எவ்வலைவரிசை ஒப்புதல் பெற்றது என்னும் பட்டியலும் இலினக்சில் தனியே, திறந்த நிலையில் உள்ளது. இந்தியாவில் 2.4 கிகா எர்ட்சு அலைவரிசை 2005-இலும், 5 கிகா எர்ட்சு அலைவரிசையின் பெரும்பகுதி 2018-இலும் உரிமம் வேண்டாதன ஆக்கப்பட்டன. சட்டத்தை மதிக்கப் பட்டியல் போதும், பூட்டு வேண்டியதில்லை.

அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையமே 2016-இல் டி.பி.-இலிங்கு நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டில், பிறர் எழுதிய நிலைபொருளையும் தன் கருவிகள் சட்டத்திற்கு உட்பட்டு ஏற்கும் வழியை ஆராயுமாறு அதனைக் கட்டுப்படுத்திற்று. காவலனே கதவைத் திற என்கின்றான். வணிகன் காவலனைக் காட்டிக் கதவைச் சாத்துகின்றான்!

‘மூடியிருந்தால்தான் காப்பு’ என்பர். 2017-இல் பிராட்காம் அருகலைச் சில்லுகளின் நிலைபொருளில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளும் ஆப்பிள் கைப்பேசிகளும் ஒருங்கே அதற்கு ஆட்பட்டன. தொலைவிலிருந்தே, உரியவன் ஒரு விசையையும் தொடாத நிலையில், அருகலைச் சில்லைப் பிறன் கைப்பற்ற அது வழிவிட்டது. கூகுளும் ஆப்பிளும் அவ்வாண்டு சூலையில் ஓட்டையை அடைத்தன. அடைப்பு வந்துசேராத பழைய கைப்பேசிகளின் நிலை? உரியவன் தானே அடைத்துக்கொள்ள மூலநிரல் அவன் கையில் இல்லை. மூடிய வீட்டிற்குள் பாம்பு புகுந்தால் அடிப்பதற்கும் ஆள் நுழைய முடியாது என்பதே இதன் பாடம்.

செய்ய வேண்டுவன

வெறும் கொதிப்பு பயன் தாராது. முதலில் நம் கையிலுள்ள கருவியை நாமே எழுப்பக் கற்போம். அருகலை வரவில்லையேல் உடனே நிலைபொருளைப் பழிக்க வேண்டா. கணினியின் பக்கத்திலோ விசைப்பலகையிலோ உள்ள அருகலை விசை அணைந்துள்ளதா என்று பார்க்க, ‘ஆர்.எப்.கில்’ என்னும் கட்டளை அதனைத் தெரிவிக்கும். விண்டோசும் இலினக்சும் சேர்ந்திருக்கும் கணினியாயின், விண்டோசின் விரைவுத் தொடக்க அமைப்பை அணைத்துவிடுக. முழுமையாக அணையாத விண்டோசு, சில கணினிகளில் சில்லைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளும். பின்னர் ‘எல்.எசு.பி.சி.ஐ.’ என்னும் கட்டளையால் சில்லின் பெயரையும் எண்ணையும் அறிக. கருநிரலின் பதிவேட்டில் எந்நிலைபொருட் கோப்பு இல்லையென்று எழுதப்பட்டுள்ளது எனக் காண்க. கைப்பேசியை வடத்தால் கணினியோடு இணைத்து, அதன் இணைய இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்தால், பெரும்பாலும் தனி நிலைபொருள் ஏதுமின்றியே கணினி இணையம் பெறும். அவ்வழியே உரிய தொகுப்பை நிறுவி, கணினியை மீளத் தொடங்குக. ஒருவர் கற்று ஊரில் ஒன்பதின்மர்க்குக் கற்பிக்க. கோப்புகளை ஒரு விரலியில் சேர்த்து ஊர்ப் படிப்பகத்தில் வைத்துவிட்டால், எவரும் அதற்காக மலையிறங்க வேண்டா.

அடுத்து, அரசிடம் கேட்க வேண்டுவன. கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு ஈராண்டுகளில் கணினிக் கருவிகள் வழங்குவதாக 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. அத்துணைக் கருவிகளை ஒருசேர வாங்குவோன் கெஞ்ச வேண்டியவன் அல்லன், கட்டளையிடத் தக்கவன். பொதுமக்கள் பணத்தில் கணினி வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நான்கு விதிகளை எழுதுக. அருகலைச் சில்லின் பெயரையும் எண்ணையும் விற்போன் முன்னரே அறிவிக்க வேண்டும். இடையில் மாற்றுதல் கூடாது. வெளிக்கோப்பு எதனையும் தேடாமல், இலினக்சை நிறுவியவுடன் அருகலை இயங்குகின்றது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் நிலைபொருளோடு கூடிய நிறுவல் விரலியும், பிழைச்செய்திகளைத் தமிழில் விளக்கும் கையேடும் இருத்தல் வேண்டும். தலையாயதாக, நிலைபொருளின் மூலநிரலைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். குழுமம் அச்சில்லைக் கைவிடும் நாளில் அது மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும்.

இயலுமா என்று ஐயுறுவோர் மேற்கே திரும்பிப் பார்க்க. கேரளம் தன் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளின் மீதே நிறுத்தி, தன் பள்ளிகளுக்கெனத் தனி இலினக்சுப் பதிப்பையே உருவாக்கி வழங்கி வருகின்றது. சேரநாட்டார்க்கு இயல்வது நமக்கு ஏன் இயலாது?

நம் தமிழறிஞர்க்கும் ஒரு சொல். சொல்லாக்கம் இன்றியமையாதது, அதனை விட்டுவிடுக என்று எவரும் கூறார். ஆனால் அயலான் செய்த பொருளுக்குப் பெயர் தேடுவதோடு நம் கடமை முடிவதில்லை. பொருளைப் பிரித்துப் பார்த்து, அறிந்து, திருத்தி, ஆக்குகின்ற இனத்தின் மொழியில்தான் சொற்கள் தாமே பிறக்கும். பிழைச்செய்திகளின் தமிழ் விளக்க நூலைத் தமிழ்ப்புலவரும் கணினிப் பொறியாளரும் ஒரே பலகையில் அமர்ந்து எழுதுக.

வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லி. அவன் வள்ளல்; தன்னிடம் உள்ளதை மறையாது வழங்கியவன். காரி அவனை வென்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று கழகப்பாட்டு கூறும். அன்று மலை கைமாறிற்று. ஆயினும் மலைமக்கள் தம் விதையையும் தம் அறிவையும் கைவிடவில்லை. இன்றோ மலை நம்மிடம் இருக்கின்றது. மலைமேல் பரவும் அலையின் திறவுகோல் கடல் கடந்த பெட்டகத்தில் இருக்கின்றது. அருகலை என்று அழகாகப் பெயரிட்டோம். அதனை நம் அருகே கொணர்வோம். அதுவரை அச்சொல் நம் மொழியில் இருக்கும். நம் உடைமையில் இராது!